அநாமதேயமா, பெயரிலியா, மொட்டையா?

ஒரு கருத்துக்கணிப்புப் படிவத்தைத் தமிழில் எழுதும்போது, ஆங்கிலத்தில் anonymous என்பார்களே, அதற்கு 'உங்கள் பதில்கள் அநாமதேயமாக வைக்கப்படும்' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்க்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அந்த வரியிலேயே நின்றுவிட்டார். "அனாமத்தா போயிடும்னா எதுக்குத் தம்பி எழுதணும்?"

அவர் மேல் தப்பில்லை. அநாமதேயம் சமஸ்கிருதம்: நாமதேயம் என்றால் பெயர், முன்னால் நிற்கும் 'அ' அதை இல்லையென்கிறது. அனாமத்து வேறு வம்சம். அமானத் என்ற அரபுச் சொல் உருது வழியாக வந்து நம் கணக்குப் புத்தகத்தில் உட்கார்ந்து, எந்தத் தலைப்பிலும் சேராத தொகையைக் குறித்தது. அப்புறம் கேட்பாரற்றுக் கிடப்பதெல்லாம் அனாமத்து. (மூலத்தில் அதற்கு நம்பி ஒப்படைத்தது என்று பொருள்!) காதில் இரண்டும் ஒன்றுபோல விழுவதால் அநாமதேயத்திலும் அநாதை வாடை ஒட்டிக்கொண்டது.

சரி, பெயரிலி? நல்ல தமிழ், சுருக்கமும்கூட. ஆனால் அறிவிலியிடம் அறிவே இல்லை. நாம் பெயரிலி என்கிற ஆளிடமோ பெயர் இருக்கிறது, சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துவது, பெயர் தொலைந்துபோன சங்கப் புலவர்களுக்கு. அவர்களையும் 'யாரோ' என்று விட மனமில்லாமல் பாட்டிலிருந்தே பெயர் எடுத்துச் சூட்டியிருக்கிறார்கள். குறுந்தொகையின் 40-ஆம் பாட்டை எழுதியவர் செம்புலப்பெயனீரார், அடுத்த பாட்டை எழுதியவர் அணிலாடு முன்றிலார். இந்த இரண்டாவது பாட்டில், காதலன் பிரிந்தால், ஆள் இல்லாத வீட்டு முற்றத்தில் அணில் ஆடுவதுபோல் பொலிவிழப்பேன் என்கிறாள் தலைவி. அந்த அணில்தான் புலவருக்குப் பெயர் கொடுத்தது. அவளுக்கும் பெயர் கிடையாது, ஆனால் அது தொலைந்ததல்ல. அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்', யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி.

புனைபெயரை இந்தப் பந்தியில் உட்காரவைக்கவே கூடாது. எஸ். ரங்கராஜன் மனைவி பெயரில் சுஜாதா ஆனார். தமிழ்நாட்டுக்கே தெரிந்த பெயர் அது. அதில் மறைவு எங்கே இருக்கிறது?

செய்தித்தாளில் இன்னொரு கூத்து. சங்கிலி பறித்தவன் இங்கே 'மர்ம நபர்', இலங்கைப் பத்திரிகைகளில் 'இனந்தெரியாத நபர்'. எனக்கு இரண்டாவதுதான் நேர்மையாகப் படுகிறது. தெரியாது என்பதோடு நிற்கிறது, துப்பறியும் கதையாக்கவில்லை.

என் ஓட்டு மொட்டைக்கு. மொட்டைக் கடுதாசி என்றதும் எல்லாம் விளங்கிவிடுகிறது: தலையில் முடி இருந்தது, மழித்திருக்கிறார்கள், எழுதியவனுக்குப் பெயர் இருந்தது, போடவில்லை. மறைத்த செயலையே காட்டும் சொல் இது ஒன்றுதான். தொல்லை என்னவென்றால், அதில் பழியும் சேர்ந்தே வருகிறது. லஞ்சத்தை அம்பலப்படுத்தி எழுதினாலும் மொட்டைதான், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி அவதூறு எழுதினாலும் மொட்டைதான். அதனால்தான் மொட்டை நன்கொடை என்று யாரும் சொல்வதில்லை. அங்கே மட்டும் 'பெயர் வெளியிட விரும்பாத அன்பர்' என்று மரியாதையாக நீட்டுகிறோம்.

கடைசியில் படிவத்தில் எந்தச் சொல்லையும் போடவில்லை. 'உங்கள் பெயரை எழுத வேண்டாம். யார் எழுதியது என்று எங்களுக்கும் தெரியாது' என்று மாற்றினேன். அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தார்.

"கையெழுத்தைப் பார்த்தா தெரிஞ்சிடாதா?"