மூனிக்கில் வாடகைக் கார் எடுப்போர் கவனத்திற்கு: குளிர்கால டயருக்குக் கட்டணம், கிடைத்ததோ தேய்ந்த டயர்

ஜெர்மனியின் மூனிக்கிலிருந்து ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்குக்குக் குளிர்காலத்தில் காரில் செல்லத் திட்டமிடுவோர், சாவியை வாங்கிக்கொண்டு புறப்படுவதற்கு முன் நான்கு டயர்களையும் குனிந்து பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கடந்த ஜனவரியில், மூனிக் விமான நிலையத்திலுள்ள ஒரு வாடகைக் கார் நிறுவனம் ‘குளிர்கால டயர்’ என்ற பெயரில் நாள்தோறும் தனிக் கட்டணம் விதித்துவிட்டு, பனிச்சாலையில் ஓட்டச் சட்டப்படியே தகுதியற்ற வண்டியை எங்கள் குடும்பத்திடம் ஒப்படைத்தது.

அந்தக் கட்டணமே முதலில் விசித்திரமானது. சாலையில் பனியோ பனிச்சேறோ உறைபனியோ இருக்கும்போது குளிர்கால டயர் இல்லாமல் வண்டி ஓட்டுவதை ஜெர்மானியச் சட்டம் தடைசெய்கிறது. அப்படிக் கட்டாயமான ஒன்றை, முன்பதிவின்போது காட்டிய வாடகையில் சேர்க்காமல் கவுண்டரில் தனியாகக் கேட்பது, இலைக்குத் தனிக் காசு கேட்கும் சாப்பாட்டுக் கடையைத்தான் நினைவூட்டுகிறது. இரவு நேரம், குழந்தைகளின் களைப்பு. கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

ஏ8 நெடுஞ்சாலையில் இர்ஷன்பெர்க் ஏற்றத்தை நெருங்கியபோது பனி கொட்டத் தொடங்கியது. பிரேக்கை மெல்ல மிதித்ததற்கே வண்டி பக்கவாட்டில் வழுக்கியது. பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கி, ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கான மின்னணு விக்னெட்டை, அதாவது சுங்க அனுமதியை, வாங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் பதற்றத்தைக் கண்ட ஊழியர் ஒருவர் வெளியே வந்து, 2 யூரோ நாணயத்தை டயரின் பட்டனுக்குள், அதாவது தரையில் படும் பரப்பிலுள்ள பள்ளத்துக்குள், செருகிக் காட்டினார். அந்த நாணயத்தின் வெள்ளி நிற விளிம்பு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. பட்டனில் போதிய ஆழம் இருந்தால் விளிம்பு முழுவதும் உள்ளே மறைந்துவிடும். எங்கள் டயரில் அது நன்றாகவே வெளியே தெரிந்தது.

பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தாலே ஜெர்மனியில் போதும். ஆனால் ஆஸ்திரியாவில், நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிபடர்ந்த சாலையில் குளிர்கால டயர் கட்டாயம் என்பதோடு, 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் குளிர்கால டயராகவே கொள்ளப்படுவதில்லை. அதாவது கூஃப்ஸ்டைன் எல்லையைத் தாண்டிய கணமே நாங்கள் சட்டத்தை மீறியவர்களாகியிருப்போம். விபத்து நேர்ந்திருந்தால் காப்பீட்டு நிறுவனமும் கையை விரித்திருக்கக்கூடும். இது போதாதென்று, டயரின் பக்கவாட்டில் ‘எம்+எஸ்’ (சேறும் பனியும்) என்ற குறி மட்டுமே இருந்தது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் அந்தச் சின்னம் இல்லாத டயரை ஜெர்மனியும் குளிர்கால டயராக ஏற்பதில்லை.

வாடகை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, “எல்லாப் பருவங்களுக்குமான டயர் என்றால் குளிர்காலத்துக்கும்தானே” என்று பதில் வந்தது. வேண்டுமானால் திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பனி அகற்றும் வண்டிகள் சென்ற பிறகு, ஊர்ந்தபடியே விமான நிலையத்துக்குத் திரும்பினோம். கவுண்டரில் இருந்தவர் அங்கும் வாதாடினார். தகுதியற்ற டயருடன் பனியில் ஓட்டுபவருக்கு 60 யூரோ அபராதம் என்றால், அப்படி ஓட்ட அனுமதிக்கும் உரிமையாளருக்கு 75 யூரோ என்பதை எடுத்துச் சொன்ன பிறகே வேறொரு வண்டியின் சாவி வெளியே வந்தது. விக்னெட்டோ பழைய வண்டியின் பதிவெண்ணோடு பிணைக்கப்பட்டிருந்ததால் வீணாயிற்று. புதிய வண்டிக்கு மறுபடியும் வாங்கினோம். ஆகவே டயரைச் சரிபார்த்த பிறகே விக்னெட் வாங்குங்கள். ஆஸ்திரியாவுக்குள் ஓட்டிச் செல்ல அனுமதி உண்டு என்பதையும், டயரின் வகையையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்மொழி உறுதி பின்னால் எதற்கும் உதவாது.

இறுதி ரசீதில் டயர் கட்டணம் அப்படியே இருந்தது. அதோடு ‘வண்டி மாற்றக் கட்டணம்’ என்று புதிதாக ஒன்றும் முளைத்திருந்தது. நாணயம் செருகிய நிலையில் எடுத்த படங்களையும், டயரின் பக்கவாட்டுப் படங்களையும் இணைத்துக் கடன் அட்டை வங்கியில் முறையிட்டதில் அவ்விரு தொகைகளும் திரும்பக் கிடைத்தன. வீணான விக்னெட்டுக்கும், இன்ஸ்புரூக்கில் தங்காமலே போன முதல் இரவின் அறை வாடகைக்கும் நிறுவனம் இதுவரை எதுவும் தரவில்லை.