திறந்த போத்தலுக்கு எது தோது: அம்ருத் ஃபியூஷனா, லாகவுலின் 16-ஆ?

யார் இப்போது என்ன விஸ்கி குடிக்கிறார்கள் என்று எங்கள் நண்பர் வட்டத்தில் பேச்சு வந்தால், சில காலமாக அது ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. வீட்டில் எப்போதும் திறந்திருக்கும் போத்தல் ஒன்றே ஒன்று என்றால், அது எதுவாக இருக்க வேண்டும்? ஒருவர் தைவானின் கவலானைச் சொல்கிறார். ஹரியானாவின் இந்த்ரியை ருசித்த தம்பி ஒருவர் அதற்குப் பிறகு வேறெதையும் தொடுவதில்லை. கிளென்ஃபிடிக் 15-ஐ விட்டு நகராத அண்ணன் ஒருவரும் இருக்கிறார். எனக்குப் போட்டி இரண்டுக்குள்தான். ஒன்று, ஸ்காட்லாந்தின் இஸ்லே தீவிலிருந்து வரும் லாகவுலின் 16. மற்றொன்று, பெங்களூரின் அம்ருத் ஃபியூஷன். இரண்டையும் மாறி மாறி வாங்கி வைத்துப் பார்த்த பிறகு ஃபியூஷன் பக்கம் சாய்ந்துவிட்டேன். இரண்டுமே அருமையான விஸ்கி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தக்கையைப் பிடுங்கிய பிறகு, இந்தச் சிங்கப்பூர்ச் சூட்டிலும் புழுக்கத்திலும் கடைசிப் பெக் வரை எது தன் குணத்தோடு நிற்கிறது என்பதை வைத்தே முடிவெடுத்தேன்.

ருசியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரிந்ததுதான். லாகவுலின் 1816 முதல் இஸ்லேயின் தென்கரையில் இருக்கும் வடிசாலை. முளைகட்டிய பார்லியைப் பீட் எனும் சதுப்புநில மக்கு மண்ணை எரித்த புகையில் உலர்த்துவதால் வரும் கனத்த புகை, கூடவே கடற்பாசி வாடை, கொஞ்சம் அயோடின், அடியில் உலர்திராட்சை இனிப்பு. 16 ஆண்டு பீப்பாயில் கிடந்து, 43 விழுக்காடு ஆல்கஹாலோடு போத்தலுக்கு வருகிறது. விழுங்கிய பின்னும் நெடுநேரம் தொண்டையில் தங்கும். ஃபியூஷன் 50 விழுக்காடு. நான்கில் மூன்று பங்கு பீட் படாத இந்திய பார்லி, மீதி ஒரு பங்கு ஸ்காட்லாந்தின் பீட் ஏறிய பார்லி. இரண்டையும் தனித்தனியே வடித்து, தனித்தனியே முதிரவிட்டு, பிறகு ஒன்றாகக் கலந்து மறுபடியும் பீப்பாயில் ஊறவிடுகிறார்கள். நாக்கில் முதலில் ஆரஞ்சுத் தோலும் வனிலாவும் தட்டும், நடுவில் மிளகுக் காரம், புகை கடைசியில்தான் தலைகாட்டும்.

“என்ன தம்பி, இதுல வயசே போடலையே?” என்று கிளென்ஃபிடிக் அண்ணன் ஃபியூஷன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம் ஆட்கள் பலருக்கும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். 12, 15, 18 என்று எண்ணைப் பார்த்து மரியாதை கொடுத்துப் பழகிவிட்டோம். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு ஆவியாகிறது. பெங்களூரில் அது 10 முதல் 12 விழுக்காடு. 11 என்று வைத்துக் கணக்குப் போட்டாலே, 16 ஆண்டு கழித்துப் பீப்பாயைத் திறந்தால் ஊற்றியதில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. வெப்பத்தில் மரத்துக்கும் மதுவுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலும் வேகமாக நடப்பதால், நாலைந்து ஆண்டிலேயே அங்கே விஸ்கி பக்குவத்துக்கு வந்துவிடுகிறது. அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை (முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு ஒரே வடிசாலையில் வடித்த விஸ்கி) 2004-இல் கிளாஸ்கோவில், ஸ்காட்லாந்துக்காரர்கள் முன்னாலேயே கொண்டுபோய் அறிமுகப்படுத்தியது. ஃபியூஷன் வெளிவந்த சிறிது காலத்திலேயே, தமது 2010ஆம் ஆண்டு வழிகாட்டியில் விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே அதற்கு 100-க்கு 97 கொடுத்து, உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். மதிப்பெண்களை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆனால் லேபிளில் எண் இல்லையென்றால் மட்டம் என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

விலையில், நான் வாங்கும் கடைகளில் லாகவுலின்தான் மேலே நிற்கிறது. அதோடு நம் ஊர் வரியையும் சேர்த்துப் பாருங்கள். சிங்கப்பூரில் விஸ்கிக்கான தீர்வை போத்தலுக்கு இவ்வளவு என்று இல்லை. உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 700 மில்லி ஃபியூஷனில் 350 மில்லி ஆல்கஹால், அதனால் 30.80 வெள்ளி. லாகவுலினில் 301 மில்லி, 26.49 வெள்ளி. இதற்கு மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. ஃபியூஷனுக்குத் தீர்வை நாலு வெள்ளி சொச்சம் கூடுதல்தான். ஆனால் அதைத் தண்ணீர் விட்டு லாகவுலினின் 43 விழுக்காட்டுக்கு இறக்கினால், 700 மில்லி ஏறக்குறைய 814 மில்லி ஆகிறது. 30 மில்லி பெக்கில் கிட்டத்தட்ட நான்கு கூடுதலாகக் கிடைக்கும். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரும்போது ஒரு லிட்டர் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம் என்பதும், 48 மணி நேரமாவது வெளியில் இருந்திருக்க வேண்டும் என்பதும், மலேசியாவிலிருந்து வந்தால் இந்தச் சலுகை இல்லை என்பதும் இங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விஸ்கி கண்ணாடிக்குள் போன பிறகு முதிர்வதில்லை. திறக்காமல் வெயில் படாமல் வைத்தால் பல ஆண்டு அப்படியே இருக்கும். திறந்துவிட்டால் கதை வேறு. நாம் ஊற்றி எடுக்கும் ஒவ்வொரு பெக்கின் இடத்திலும் காற்று வந்து உட்காருகிறது. அதிலுள்ள ஆக்சிஜன் மணப்பொருள்களை மெல்ல மாற்றுகிறது. எளிதில் ஆவியாகும் மணங்கள் மேலேயுள்ள காலி இடத்தில் போய்ச் சேர்ந்து, அடுத்த முறை தக்கையை எடுக்கும்போது வெளியேறுகின்றன. விஸ்கியைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் குளிர்நாட்டில் இருப்பவர்கள். திறந்த போத்தல் ஓராண்டு தாங்கும், இரண்டாண்டு தாங்கும் என்று அவர்கள் சொல்வது அவர்கள் வீட்டு அலமாரிக்குப் பொருந்தும். எடின்பரோவில் ஆகும் காலம் சிங்கப்பூரின் ஈசூனில் ஆகாது. சூடு ஏற ஏற இந்த மாற்றங்கள் எல்லாமே வேகமெடுக்கும், நமக்கோ ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 டிகிரி.

ஏர்கானும் ஒரு காரணம். இரவில் அறையை 24-க்கு இறக்குகிறோம், காலையில் அணைத்ததும் 30-க்கு ஏறுகிறது. போத்தலுக்குள் இருக்கும் காற்று இரவில் சுருங்கி, பகலில் விரிந்து, தக்கை இடுக்கு வழியே மூச்சு விடுகிறது. உள்ளே வருவது புதுக்காற்று, வெளியே போவது மணம். போத்தல் நிறைந்திருக்கும்போது இதனால் பெரிய பாதிப்பில்லை. பாதிக்குக் கீழே இறங்கியதும் காற்றுதான் அதிகம், விஸ்கி குறைவு.

இந்த நிலையில் லாகவுலினுக்கு என்ன ஆகிறது? திறந்த அன்று அதற்கு ஈடு இணை இல்லை. முதல் சில வாரங்களும் அப்படித்தான். பாதியைத் தாண்டியதும் முதலில் மங்குவது அதன் உச்சியிலிருக்கும் அயோடினும் கடல் வாடையும். பிறகு புகை தணிகிறது. அடித்தட்டில் மிஞ்சுவது ஓக் மரமும் இனிப்பும். கெட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன், குடிக்க இதமாகவே இருக்கும். ஆனால் எதற்காக லாகவுலின் வாங்கினோமோ அது அங்கே இல்லை. அதன் அழகு முழுவதும் புகையைத் தாங்கி நிற்பதால், புகை சாய்ந்தால் எல்லாம் சாய்கிறது.

ஃபியூஷன் நேர்மாறு. திறந்த அன்று கொஞ்சம் முரடாக, இறுக்கமாக இருக்கும். முதல் பெக்கை வைத்து அதை எடைபோட்டு ஒதுக்கியவர்கள் எங்கள் வட்டத்திலேயே உண்டு. சில வாரம் காற்றுப்பட்ட பிறகு அந்த முரடு அடங்கி, ஆரஞ்சு முன்னுக்கு வரும், கருஞ்சாக்லேட் போன்ற ஒரு கசப்பு பின்னால் சேரும். பாதிப் போத்தலில்தான் அது உச்சத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். கடைசி மூன்றில் ஒரு பங்கில் இதிலும் புகை மங்கும், மறுக்கவில்லை. ஆனால் இது புகையை மட்டும் நம்பி நிற்கும் விஸ்கி இல்லை. பார்லியின் இனிப்பும் மிளகுக் காரமும் கடைசிவரை கூட வருகின்றன. பலம் கூடிய விஸ்கி திறந்த பின்னும் நன்றாகத் தாங்கும் என்பது குடிப்பவர்களிடையே பரவலான கருத்து, என் அலமாரியில் நான் கண்டதும் அதுவே. இதில் பலத்தின் பங்கு எவ்வளவு, பார்லியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நான் சோதித்துப் பார்த்ததில்லை.

லாகவுலினையும் காப்பாற்றலாம், வழி இருக்கிறது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்டர், அதாவது புகலிட அறை, இதற்கு நல்ல இடம். கனத்த கான்கிரீட் சுவர், ஜன்னல் கிடையாது, இருட்டு, வெப்பம் அவ்வளவாக ஏறி இறங்காது. அங்கே போத்தலை நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒயின் போல் படுக்கப் போட்டால் ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். தக்கையைச் சுற்றிப் பாராஃபிலிம் என்ற இழுபடும் மெழுகுப் படலத்தை இழுத்துக் கட்டலாம். பாதிக்குக் கீழே வந்ததும் நன்கு கழுவிக் காயவைத்த சின்னக் கண்ணாடிப் போத்தல்களுக்கு விளிம்புவரை நிரப்பி மாற்றிவிட வேண்டும், இதுதான் எல்லாவற்றிலும் பலன் தருவது. லாகவுலினுக்கு இதையெல்லாம் செய்திருக்கிறேன், பலன் தெரிகிறது. ஆனால் வேலை முடிந்து வந்து இரவில் ஒரு பெக், பல நாள் அதுவும் இல்லை என்று குடிப்பவனுக்கு ஒரு போத்தல் மாதக்கணக்கில் ஓடும். அத்தனை மாதமும் அதைப் பார்த்துப் பார்த்துக் கவனிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஃபியூஷனை நிமிர்த்தி, இருட்டில் வைத்தால் போதும்.

ஃபியூஷனிலும் குறை உண்டு. ஏர்கான் இல்லாத கூடத்தில் 50 விழுக்காட்டை அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் நெடி மூக்கில் அடிக்கும், மற்ற மணம் எதுவும் தெரியாது. 30 மில்லிக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் விடுங்கள், ஏறத்தாழ 43-க்கு வந்துவிடும். மணமும் விரியும். இந்த வசதி லாகவுலினில் இல்லை, அது 43-இல் தொடங்குவதால் ஐஸ் போட்டு இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் நீர்த்துவிடும். சோடாவில் மட்டும் நிலைமை மாறுகிறது. லாகவுலின் சோடாவைத் தாண்டிப் புகை மேலே வருவது தனிச் சுகம், அந்த இடத்தில் ஃபியூஷன் அதை எட்டாது. கடிக்க, ஃபியூஷனோடு கச்சாங் பூத்தே எனும் வறுகடலைக் கலவையும் மிளகு போட்ட ஆட்டுக்கறி வறுவலும். லாகவுலினுக்கு உப்புப் போட்ட முந்திரி போதும், மசாலா கூடினால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

தீபாவளிக்கு ஆறேழு பேர் வீட்டில் கூடினால் நான் இன்றும் லாகவுலின்தான் வாங்குவேன். ஒரே இரவில் முடியும் போத்தலுக்கு மேலே எழுதிய கவலை எதுவும் கிடையாது, திறந்த அன்றைய அதன் அழகு முழுவதும் எல்லாருக்கும் கிடைக்கும். பரிசாகக் கொடுப்பதானாலும் அதுவே. பரிசு பெறுபவர் கண்ணில் 16 என்ற எண் படும், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கவலான் சொலிஸ்ட் வகைகள் காஸ்க் ஸ்ட்ரென்த்தில், அதாவது தண்ணீர் கலந்து இறக்காமல் பீப்பாயின் பலத்திலேயே, வருபவை, அவற்றில் வின்யோ பாரீக் 2015-இல் உலகின் சிறந்த சிங்கிள் மால்ட் விருது பெற்றது. என் கணக்குப்படி பார்த்தால் திறந்த பின்னும் அவை நன்றாகத் தாங்க வேண்டும். நண்பர் வீட்டில் குடித்த அளவில் ருசி பிரமாதம், ஆனால் என் வீட்டில் மாதக்கணக்கில் திறந்து வைத்துப் பார்த்ததில்லை. 46 விழுக்காட்டு இந்த்ரியும் அப்படியே. தம்பி வீட்டில் போத்தல் பாதிக்கு வரும்வரை இருந்ததே இல்லை.

ஃபியூஷன் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தொகுப்புக்குத் தொகுப்பு புகையின் அளவும் இனிப்பும் கொஞ்சம் மாறும். லேபிளில் தொகுப்பு எண் இருக்கும். பிடித்துப்போனால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அதே எண்ணில் இன்னொரு போத்தல் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு, திறக்காமல் எடுத்து வையுங்கள்.