என்.எச்.எஸ். லேர்னிங் சப்போர்ட் ஃபண்ட்: கிராண்ட் சுலபம், பயணச் செலவை வாங்குவதுதான் பாடு

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் நர்சிங், மிட்வைஃபரி, பிசியோதெரபி போன்ற படிப்புகளில் சேருகிறவர்களுக்குத் திருப்பிக் கட்ட வேண்டாத பணம் தரும் திட்டம் இது. சுருக்கமாக எல்.எஸ்.எஃப். என்பார்கள். பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் பிசினஸ் சர்வீசஸ் அத்தாரிட்டி இதை நடத்துகிறது. வருடத்துக்கு 5,000 பவுண்டு கிடைக்கும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். அதற்கு மேலும் இதில் பணம் இருக்கிறது என்பதும், அந்தப் பணம் ஏன் பலருக்கு வந்து சேர்வதில்லை என்பதும்தான் அவ்வளவாகத் தெரிவதில்லை. கீழே உள்ள தொகைகள் 2025-26 கல்வியாண்டு நிலவரம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "நர்சிங் படித்தால் ஃபீஸ் அரசாங்கமே கட்டும்" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய கதை. 2017 ஆகஸ்ட் முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இங்கிலாந்தில் பர்சரி என்ற அந்த உதவித்தொகை கிடையாது. கட்டணத்தை மற்ற பட்டப்படிப்பு மாணவர்களைப் போலவே ஸ்டூடென்ட் ஃபைனான்ஸ் என்ற அரசு மாணவர் கடனில்தான் கட்ட வேண்டும். 2025-26இல் அது வருடத்துக்கு அதிகபட்சம் 9,535 பவுண்டு. சேர்க்கை குறைகிறது என்ற நெருக்கடிக்குப் பின், 2020 செப்டம்பரிலிருந்து 5,000 பவுண்டு ட்ரெயினிங் கிராண்ட் வந்தது. ஆகவே இது கட்டணத்துக்கான பணம் அல்ல. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கிற பணம். அப்படி நினைத்து வரவுசெலவு போட்டால் ஏமாற்றம் இருக்காது.

ட்ரெயினிங் கிராண்ட்தான் இந்தத் திட்டத்தின் சிறந்த பகுதி. பெற்றோர் வருமானம் எவ்வளவு என்று கேட்பதில்லை. படிப்பு முடிந்ததும் என்.எச்.எஸ்.ஸில் இத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தமும் இல்லை. ஸ்டூடென்ட் ஃபைனான்ஸ் தரும் வாழ்க்கைச் செலவுக் கடனை இது குறைப்பதும் இல்லை. முக்கியமான இன்னொன்று: அந்தக் கடனை வாங்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை அல்ல, வாங்கத் தகுதி இருந்தால் போதும். வட்டிக் கடன் வேண்டாம் என்று மார்க்க நம்பிக்கையால் ஒதுங்குகிற குடும்பங்களும், கையிலிருந்தே கட்டணம் கட்டுகிறவர்களும் "நாம்தான் லோன் எடுக்கவில்லையே" என்று இதையும் விட்டுவிடுகிறார்கள். விடத் தேவையில்லை. கடன் எடுக்காதவர்கள் தங்கள் அடையாளத்தையும் குடியிருப்பு நிலையையும் தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.

மென்டல் ஹெல்த் நர்சிங், லேர்னிங் டிசபிலிட்டி நர்சிங், இரண்டு வகை ரேடியோகிராஃபி (நோயைக் கண்டறிவது, கதிர்வீச்சு சிகிச்சை), பொடையாட்ரி (பாத மருத்துவம்), ஆர்தாப்டிக்ஸ் (மாறுகண் போன்ற கண் அசைவுக் கோளாறுகள்), ப்ராஸ்தெட்டிக்ஸ் அண்ட் ஆர்தாட்டிக்ஸ் (செயற்கைக் கை கால், தாங்கு கருவிகள்) ஆகியவற்றுக்கு ஆள் கிடைப்பது கடினம் என்பதால் வருடத்துக்கு மேலும் 1,000 பவுண்டு உண்டு. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பராமரிக்கிற மாணவருக்கு வருடத்துக்கு 2,000 பவுண்டு. பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை பதிவாகியிருந்தால் 17 வயதுக்குக் கீழ் வரை. இது பிள்ளைக்கு இவ்வளவு என்ற கணக்கு அல்ல. ஒரு பிள்ளை என்றாலும் மூன்று பிள்ளைகள் என்றாலும் அதே 2,000தான்.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாத இடம் ஒன்று உண்டு. ஆர்தாப்டிக்ஸுக்குப் பணம் உண்டு. கண்ணாடிக்குப் பார்வை பார்க்கும் ஆப்டோமெட்ரிக்கு இல்லை. ஃபார்மசிக்கும் பயோமெடிக்கல் சயின்ஸுக்கும் இல்லை. டிகிரி அப்ரென்டிஸாகச் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே நர்சிங் படிக்கிறவர்களுக்கும் இல்லை. பிள்ளை எந்தப் பாடத்தில் சேரலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கும்போதே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

யாருக்குக் கிடைக்கும் என்பது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற கேள்வி. ஸ்டூடென்ட் விசாவில் வந்து படிக்கிறவர்களுக்குக் கிடைக்காது. சென்னையிலோ கொழும்பிலோ இருந்தபடி கன்சல்டன்சிகளிடம் விசாரிக்கிறவர்கள் இதைத் தெளிவாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், "என்.எச்.எஸ். ஃபண்டிங் உண்டு" என்று யாராவது சொன்னால் அது உங்களுக்கானது அல்ல. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருக்கும் பெற்றோருடன் டிபென்டன்டாக வந்த பிள்ளைகளுக்கும் பொதுவாக ஸ்டூடென்ட் ஃபைனான்ஸ் தகுதி இராது, ஆகவே இதுவும் இராது. ஐ.எல்.ஆர். என்ற நிரந்தரமாக வசிக்கும் அனுமதி வாங்கியவர்களுக்கு, படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று வருடங்கள் இந்த நாட்டில் வழக்கமாக வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அகதி நிலை கிடைத்தவர்களுக்கு அந்த மூன்று வருடக் காத்திருப்பு இல்லை.

ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருக்கிறவர்கள் "இரண்டாவது டிகிரிக்கு லோன் கிடையாது" என்ற பொது விதியைக் கேட்டுப் பின்வாங்குவது உண்டு. நர்சிங், மிட்வைஃபரி, பிசியோ, ரேடியோகிராஃபி போன்ற படிப்புகளுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு இருக்கிறது. நர்சாகப் பதிவு பெறுவதற்கான இரண்டு வருட எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கிறவர்களும் இளநிலை மாணவர்களுக்கான கடனையும், இந்த 5,000ஐயும் பெறலாம். முப்பது நாற்பது வயதில் தொழில் மாற்ற நினைக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வாசல் வேறில்லை.

விண்ணப்பிக்கும் முறை நேரானது. ஆன்லைனில் எல்.எஸ்.எஃப். கணக்கு திறந்து, பல்கலைக்கழகத்தையும் பாடத்தையும் தேர்ந்தெடுத்து, ஸ்டூடென்ட் ஃபைனான்ஸ் அனுப்பிய தொகை உறுதிக் கடிதத்தை ஏற்ற வேண்டும். கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் ஏற்றுங்கள். முதல் பக்கத்தை மட்டும் போட்டால் திரும்பி வர வாய்ப்பு அதிகம். பிள்ளைக்கான உதவி கேட்டால் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். பிறகு பல்கலைக்கழகம் "இவர் எங்களிடம் சேர்ந்து படிக்கிறார்" என்று உறுதி சொன்ன பின்தான் பணம் கிளம்பும். அந்த உறுதி தாமதமானால் பணமும் தாமதம். பணம் வருடத்துக்கு மூன்று தவணையாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,667 பவுண்டு. ஆகவே முதல் மாத வாடகையையும் அட்வான்ஸையும் இந்தப் பணத்தை நம்பித் திட்டமிடாதீர்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும். பல்கலைக்கழகத்தில் இனிஷியலோடு பதிவாகியிருக்கும். பேங்க் கணக்கில் பெயர் முன்பின்னாக மாறியிருக்கும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் சரிபார்ப்பில் நின்றுவிடலாம். சேரும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒரே பெயரைக் கொடுங்கள். பேங்க் கணக்கும் மாணவர் பெயரிலேயே இருக்கட்டும்.

இரண்டாம் வருடம் தானாகவே தொடரும் என்று நினைத்துப் பணத்தை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இனி, இந்தச் சேவை தடுமாறுகிற இடம். பிளேஸ்மென்ட் என்ற மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்வரும் செலவையும், அங்கே தங்க நேர்ந்தால் அந்த வாடகையையும் இந்த நிதி திருப்பித் தரும். 2023 செப்டம்பரில் இந்த விகிதங்களை 50 சதவீதம் கூட்டினார்கள். அது நல்ல மாற்றம். காருக்கு மைலுக்கு 28 பென்ஸ் இருந்தது 42 ஆனது. சைக்கிளுக்கு 20 இருந்தது 30 ஆனது. ஹோட்டல், ஹாஸ்டல் போன்ற இடங்களில் தங்கினால் இரவுக்கு 82.50 பவுண்டு வரை, அல்லாத இடங்களுக்கு 37.50 வரை.

ஆனால் போய்வந்த செலவு முழுவதையும் தருவதில்லை. வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போய்வர வழக்கமாக ஆகும் செலவைக் கழித்துவிட்டு, அதற்கு மேற்பட்டதை மட்டும் தருவார்கள். ஒரு கணக்கு பார்ப்போம். வீட்டிலிருந்து கேம்பஸ் காரில் போய்வர 10 மைல்: 4.20 பவுண்டு. பிளேஸ்மென்ட் மருத்துவமனை போய்வர 34 மைல்: 14.28 பவுண்டு. வித்தியாசமான 10.08 பவுண்டு உங்களுக்கு வரும். மருத்துவமனை கேம்பஸை விடப் பக்கத்தில் இருந்தால் ஒன்றும் வராது. கேம்பஸுக்கு நடந்தே போகிறவர் என்றால் வழக்கமான செலவு பூஜ்யம், பிளேஸ்மென்ட் செலவு முழுவதும் மேற்பட்டதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் முழுத் தொகையையும் எழுதி அனுப்புவதால்தான் கிளெய்ம்கள் திரும்புகின்றன. வருட நடுவில் வீடு மாறினால் கழிக்க வேண்டிய தொகையும் மாறும். பழைய முகவரிக் கணக்கையே தொடர்ந்து போட்டால் அதுவும் தவறாகும்.

இதைவிடப் பெரிய குறை, முதலில் கையிலிருந்து செலவழித்துவிட்டுப் பிறகு வாங்க வேண்டும் என்பது. மேலே சொன்ன மாணவர் வாரம் நான்கு நாள் ஷிஃப்ட் போனால் வாரத்துக்கு 57 பவுண்டுக்கு மேல் செலவு. எட்டு வார பிளேஸ்மென்ட் என்றால் ஏறத்தாழ 457. அதில் ஏறத்தாழ 323 பவுண்டு திரும்பி வரும், ஆனால் பல்கலைக்கழகம் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான். பன்னிரண்டரை மணி நேர ஷிஃப்ட் பார்க்கிற ஒருவரால் பகுதிநேர வேலைக்கும் போய் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. பணம் இல்லாத பிள்ளைக்குத்தான் இந்த ஏற்பாடு மிகவும் பாரம். முன்பணம் தரும் வழி ஒன்று இருந்தால் இந்தத் திட்டத்தின் மதிப்பே வேறு.

ரசீது விஷயத்தில் லண்டன் மாணவர்கள் கவனிக்க வேண்டியது: பஸ்ஸிலும் ரயிலிலும் தட்டிப் போகிற ஆய்ஸ்டர் கார்டின் பயண விவரம் ஆன்லைனில் எட்டு வாரம்தான் இருக்கும். பிளேஸ்மென்ட் முடிந்து மொத்தமாக எடுக்கலாம் என்று விட்டால் தொடக்க வாரங்கள் மறைந்துவிடும். பேங்க் கார்டைத் தட்டிப் போகிறவர்கள் அந்தக் கார்டை லண்டன் போக்குவரத்து அமைப்பான டி.எஃப்.எல். கணக்கில் பதிந்துவைத்தால் ஒரு வருடம் வரை விவரம் கிடைக்கும். பதியாவிட்டால் ஏழு நாள்தான். முதல் நாளே பதிந்துவிடுங்கள். பிளேஸ்மென்ட் முடிந்த வாரமே கிளெய்மை அனுப்புங்கள். காலக்கெடு உண்டு, தாண்டினால் கேட்க முடியாது.

தங்கும் செலவு கேட்க இரண்டு இடத்துக்கும் வாடகை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். படிக்கும் ஊர் அறையைக் காலி செய்துவிட்டுப் போனால் அது இரட்டை வாடகை ஆகாது.

எக்ஸெப்ஷனல் சப்போர்ட் ஃபண்ட் என்று வருடத்துக்கு 3,000 பவுண்டு வரை தரும் பகுதி ஒன்றும் இருக்கிறது. எதிர்பாராத நெருக்கடிக்கானது. வாங்கக்கூடிய கடன் எல்லாவற்றையும் முதலில் வாங்கியிருக்க வேண்டும், பேங்க் ஸ்டேட்மென்ட்கள் காட்ட வேண்டும். கடன் எடுக்காமல் ட்ரெயினிங் கிராண்ட் மட்டும் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது.

படிப்பை நடுவில் நிறுத்தினாலோ தற்காலிகமாக விலகினாலோ உடனே தெரிவிக்க வேண்டும். கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். கிராண்ட் என்பதால் கேட்க மாட்டார்கள் என்று செலவழித்துவிடக் கூடாது.

தொகை போதுமா? நர்சிங் மாணவர் பதிவு பெற 2,300 மணி நேரம் நடைமுறைப் பயிற்சி முடிக்க வேண்டும். மூன்று வருட கிராண்ட் 15,000 பவுண்டை அந்த மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 6.52 பவுண்டு. 2020இல் நிர்ணயித்த 5,000 அதே 5,000ஆகவே நிற்கிறது. வாடகை அப்படி நிற்கவில்லை. ஸ்காட்லாந்தில் அங்கு வசிக்கும் நர்சிங், மிட்வைஃபரி, பாராமெடிக் மாணவர்களுக்கு முதல் மூன்று வருடமும் 10,000 பவுண்டு வீதம் தருகிறார்கள், கட்டணமும் அவர்கள் கட்ட வேண்டியதில்லை. வேல்ஸில் கட்டணத்தை அரசே கட்டுகிறது, பதிலுக்குப் படிப்பு முடிந்ததும் அங்கேயே இரண்டு வருடம் வேலை பார்க்க ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் வசிக்கும் மாணவரும் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்கலாம். படிப்பு முடிந்து எங்கே வேலை பார்ப்பது என்பதில் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு, கடனை வைத்துப் பார்த்தால், கார்டிஃப் அல்லது ஸ்வான்சிதான் லாபம் என்பது என் மதிப்பீடு. ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்கு எல்.எஸ்.எஃப். குறைவானதே என்றாலும் விடக் கூடாத பணம்.

மருத்துவம், பல் மருத்துவம் படிக்கிறவர்கள் இந்த 5,000ஐத் தேட வேண்டாம். அவர்களுக்கு வேறு வழி: வழக்கமான படிப்பில் ஐந்தாம் வருடத்திலிருந்து என்.எச்.எஸ். பர்சரி. அப்போது கட்டணத்தை என்.எச்.எஸ். ஏற்கும், ஆனால் ஸ்டூடென்ட் ஃபைனான்ஸின் வாழ்க்கைச் செலவுக் கடன் குறைந்த அளவுக்கு இறங்கிவிடும். நான்காம் வருடம் முடிவதற்குள் அந்தப் பள்ளத்துக்குக் கொஞ்சம் சேர்த்துவைப்பது அவசியம்.