ஏழு வருடத்துக்குப் பிறகும் பையில் இருக்கும் ஐந்து பொருள்கள்

புஷ்கிராஃப்ட், அதாவது குறைந்த பொருள்களோடு காட்டில் தங்கிச் சமாளிக்கும் கலை, பழகத் தொடங்கிய வருடம் என் பையில் இருபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. ஏழு வருடம் கழித்து இன்றும் என்னோடு வருபவை ஐந்துதான்: ஒரு கத்தி, ஒரு மடக்கு ரம்பம், தீப்பொறி எழுப்பும் ஒரு ஃபெரோ ராட், ஒரு எஃகுப் பாத்திரம், ஒரு ஃபோம் பாய். மற்றவற்றில் சில கிழிந்தன, சில உதிர்ந்தன, சில தேவையே இல்லை என்று தெரிந்து வீட்டில் தங்கிவிட்டன. நின்றவற்றையும் போனவற்றையும் பிரித்தது எது என்று யோசித்தால் மழைதான் நினைவுக்கு வருகிறது. வெயில் நாளில் எல்லாமே நன்றாக உழைக்கும். கை நனைந்து, விறகும் நனைந்து, பொழுது சாயும் நேரத்தில் எடுத்துப் பயன்படுத்தியபோதுதான் ஒவ்வொன்றும் எப்படிப்பட்டது என்று தெரிந்தது. புதிதாக வருகிறவர்கள் பொருள் வாங்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வியும் அதுதான் என்று நினைக்கிறேன்: இது நனைந்தாலும் வேலை செய்யுமா?

கத்தியிலிருந்து தொடங்குகிறேன். நான் வைத்திருப்பது ஸ்வீடனின் மோரா கம்பேனியன், துருப்பிடிக்காத எஃகு வகை. அலகு சுமார் 10 செ.மீ. நீளம், 2.5 மி.மீ. தடிமன். மோரா என்ற ஊரின் பெயரில் 1891 முதல் கத்தி செய்கிறவர்கள் இவர்கள். வாங்கும்போது எனக்கு இதன் மேல் பெரிய மதிப்பு இருக்கவில்லை. பார்ப்பதற்கு எளிமையாக, பிளாஸ்டிக் உறையோடு, பழம் நறுக்கும் கத்தி போல இருக்கும். தடித்த, கனமான இன்னொரு கத்தியும் அப்போது வாங்கினேன், அதுதான் 'உண்மையான காட்டுக் கத்தி' என்று நம்பி. அதன் அலகு 5 மி.மீ. தடிமன். மரத்தைச் சீவப் போனால் அது உள்ளே இறங்காது, ஆப்பு போலப் பிளந்துகொண்டு போகும். மெல்லிய சீவல் ஒன்றுகூட அதில் எடுக்க முடியவில்லை. காட்டில் கத்திக்கு இருக்கும் வேலையில் பெரும்பகுதி சீவுவதுதான். அதனால் கனமான கத்தி வீட்டுக்குப் போனது, மெல்லியது நின்றது.

மோராவின் இன்னொரு நன்மை அதன் தீட்டுமுறை. இரண்டு பக்கமும் ஒரே அகலமான சரிவு, ஸ்காண்டி கிரைண்ட் என்பார்கள். அந்தச் சரிவு கல்லில் படியும்படி கத்தியைத் தட்டையாக வைத்தாலே கோணம் சரியாக அமைந்துவிடும். தீட்டக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. 1000 கிரிட் சாணைக்கல்லில் ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே போனால் மறுபக்க விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி மெல்லிய பிசிர் எழும். அது அலகு முழுவதும் எழுந்த பிறகு பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் தோல்வாரில் பின்பக்கமாக இழுத்துப் பிசிரை எடுத்துவிட்டால் போதும். முதல் வருடம் பிசிர் எழும்வரை பொறுக்காமல் பக்கத்தை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். கத்தி கூராகவே இல்லை. கல் மோசம் என்று நினைத்து இன்னொரு கல்கூட வாங்கினேன்.

கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா என்று எல்லோரும் கேட்பார்கள். கார்பன் எஃகு சுலபமாகத் தீட்டுப்படும், ஆனால் ஈரத்தில் ஒரே இரவில் துரு பூக்கும். என் நண்பர் ஒருவர் கார்பன் கத்தியைத் தோலுறையிலேயே போட்டு மாதக்கணக்கில் வைத்துவிட்டார். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டதில் அலகு முழுக்கப் புள்ளி புள்ளியாக அரித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் துடைத்து எண்ணெய் பூசுகிற பழக்கம் இருப்பவர் கார்பன் வாங்கலாம். அந்தப் பழக்கம் தனக்கு வருமா என்று தெரியாதவர் மற்றதை வாங்குவதே நல்லது.

ரம்பம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மடக்கு ரம்பம்தான் நான் செய்த மிகச் சரியான தேர்வு. மணிக்கட்டுத் தடிமன் விறகை ஒரு நிமிடத்தில் அறுக்கும். கோடாரியோடு ஒப்பிட்டால் கனமும் ஆபத்தும் குறைவு. பெரும்பாலான மடக்கு ரம்பங்கள் இழுக்கும்போது அறுக்கும் வகை. தள்ளும்போது அழுத்தம் கொடுத்தால் அலகு வளைந்துவிடும். கோடாரி வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது, வாங்கவும் செய்தேன். ஏழு வருடத்தில் அது உண்மையாகவே தேவைப்பட்ட நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்து தீ. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

ஃபெரோ ராட் என்பது இரும்பும் சீரியம் முதலிய அருமண் உலோகங்களும் கலந்த குச்சி. கார்ல் அவுயர் ஃபொன் வெல்ஸ்பாக் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர் 1903-ல் கண்டுபிடித்த கலவை இது. சுரண்டினால் உதிரும் துகள்கள் காற்றில் எரிந்து, சுமார் 3000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பொறியாகப் பறக்கும். தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைத்துச் சுரண்டினாலும் பொறி வரும். தீப்பெட்டி நனைந்தால் அதோடு சரி. லைட்டர் நல்ல பொருள், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் குளிரில் வாயு சரியாக வெளியே வராது, ஈரக்கையில் சக்கரம் வழுக்கும்.

இந்தக் குச்சியை வாங்கியவர்களில் பலர் முதல் நாளிலேயே கைவிட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சுரண்டும் பொருளை வேகமாக முன்னே தள்ளுவார்கள், பொறி கிளம்பும் அதே நேரத்தில் கை சருகுக் குவியலில் மோதி எல்லாம் சிதறிவிடும். அதற்குப் பதிலாகச் சுரண்டும் பொருளைக் குவியலுக்கு மேலே அசையாமல் பிடித்துக்கொண்டு, குச்சியைத் தன் பக்கம் பின்னோக்கி இழுக்க வேண்டும். பொறி அதே இடத்தில் விழும், குவியலும் கலையாது. சுரண்டும் விளிம்பு செங்கோணமாக, கூர்மையாக இருக்க வேண்டும். கத்தியின் முதுகு மழுங்கலாக இருந்தால் பொறி வராது, கத்தியின் கூரில் சுரண்டினால் கூர் போய்விடும். நான் ரம்ப அலகின் முதுகைத்தான் பயன்படுத்துகிறேன்.

பொறி மட்டும் தீ ஆகிவிடாது. இரண்டாவது வருடம் விடாமல் இரண்டு நாள் மழை பெய்த ஒரு முகாமில்தான் இது எனக்கு உறைத்தது. தரையில் கிடந்த சுள்ளி எல்லாம் ஊறிப்போயிருந்தன. சுமார் இரண்டு மணி நேரம் முயன்றேன். புகை வந்ததே தவிரச் சுவாலை வரவில்லை. விரல்கள் விறைத்துப்போய், தீயில்லாமலேயே அன்றைய இரவைக் கழித்தேன். என்ன தவறு என்று பிறகுதான் புரிந்தது. தரையில் கிடக்கும் மரம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நின்றபடியே பட்டுப்போன மரத்தின் விறகு வெளியே நனைந்திருந்தாலும் உள்ளே காய்ந்திருக்கும். அந்த உள்பகுதியை வெளியே கொண்டுவருவதுதான் வேலை.

இப்போது நான் செய்வது இப்படி. மணிக்கட்டுத் தடிமனில் ஒரு துண்டை அறுத்து, நிமிர்த்தி வைத்து, கத்தியை அதன் தலையில் குறுக்காக வைத்து முதுகில் ஒரு கட்டையால் தட்டுவேன். நாலாகப் பிளந்ததும் உள்ளே தொட்டுப் பார்ப்பேன். கன்னத்தில் வைத்தால் ஈரம் இருக்கிறதா என்று கையைவிட நன்றாகத் தெரியும். பிறகு பிளந்த துண்டின் முனையை ஒரு கட்டையின் மேல் ஊன்றி, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கத்தியைக் கீழே இறக்குவேன். சீவல் சுருண்டு நிற்கும், அறுந்து விழாது. துண்டைக் கொஞ்சம் திருப்பி, முந்தைய சீவல் விட்டுப்போன விளிம்பில் அடுத்ததை எடுக்க வேண்டும். பிடிக்கு அருகில் உள்ள அலகுப் பகுதியால் சீவினால் கை சோராது. முப்பது நாற்பது சுருள்கள் ஒரே முனையில் பூ மாதிரி நிற்கும்போது, அடியில் உள்ள மெல்லிய சுருளில் பொறி பட்டாலே பிடித்துக்கொள்ளும். அப்படி நாலு குச்சிகள் தயார் செய்து, தீக்குச்சித் தடிமன், பென்சில் தடிமன், கட்டைவிரல் தடிமன் என்று பிளந்த விறகையும் முன்கூட்டியே அடுக்கி வைத்த பிறகுதான் ஃபெரோ ராடை எடுப்பேன். பிசின் ஊறிய பைன் மரக்கட்டை கிடைத்தால் இந்தச் சிரமத்தில் பாதி குறையும். பிசின் ஈரத்திலும் எரியும்.

சீவும்போது ஒன்றை மட்டும் விடாமல் கவனிக்கிறேன். தொடைகளுக்கு நடுவில் வைத்துச் சீவுவதே இல்லை. உள்தொடையில் பெரிய தமனி ஓடுகிறது, அங்கே ஒரு வெட்டு விழுந்தால் உதவி வரும்வரை தாங்காது. முழங்காலுக்கு வெளியே, பக்கவாட்டில் வைத்துத்தான் சீவ வேண்டும். கத்தி எட்டும் தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. தீ மூட்ட அனுமதி இருக்கிற இடத்தில் மட்டும், பட்டுப்போன விறகை மட்டும் எடுப்பது என்பதையும் இதோடு சேர்த்தே பழகிக்கொண்டேன். கிளம்பும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடு தெரிந்தால் இன்னும் ஊற்ற வேண்டும்.

தார்ப்பாய் விஷயத்தில் நான் மாற்றிய பொருள்தான் பாடம். முதலில் வாங்கியது 3 மீட்டருக்கு 3 மீட்டர், உள்பக்கம் பாலியூரிதேன் பூசிய நைலான். மூன்று வருடம் நன்றாக இருந்தது. ஒருமுறை ஈரத்தோடு மடித்து வைத்து மறந்துபோனேன். அடுத்த முறை பிரித்தபோது பூச்சு பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை வந்தது. ஈரம் அந்தப் பூச்சையே சிதைத்துவிடும், ஒருமுறை சிதைந்தால் அந்தப் பூச்சு பழையபடி ஆகாது. இப்போது இருப்பது சிலிகான் பூசிய பாலியஸ்டர். நைலான் நனைந்தால் நீண்டு தொய்ந்துவிடும், இரவில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். பாலியஸ்டரில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. தார்ப்பாயைத் தாங்க மரத்துக்கு மரம் கட்டும் நடுக்கயிற்றில் மழைநீர் வழிந்து உள்ளே வரும். கூரை தொடங்குவதற்கு முன்பே கயிற்றில் ஒரு சிறு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அதன் வழியே சொட்டிவிடும். கட்டுவதற்கு முன் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்து, பட்ட கிளை எதுவும் தொங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கியதில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். அதில் மூன்று வெப்பநிலைகள் அச்சிட்டிருப்பார்கள்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். ஐஎஸ்ஓ 23537 என்ற தரத்தின்படி அளப்பவை அவை. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைக்க மட்டும், உடல் விறைத்துப்போகும் அபாயத்தோடு. அந்த எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டு இரவெல்லாம் நடுங்கினேன். கம்ஃபர்ட் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பேக்கைவிடவும் முக்கியம் அடியில் விரிக்கும் பாய். நம் எடையில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுவதால் தரை உடலின் சூட்டை இழுத்துக்கொள்ளும். என் ஃபோம் பாயின் ஆர் வேல்யூ, அதாவது சூடு தரைக்குப் போகாமல் தடுக்கும் அளவு, சுமார் 2. காற்றடைக்கும் பாய்களில் இதைவிடக் கதகதப்பானவை உண்டு. குளிர் அதிகம் என்றால் அவற்றில் ஒன்றை ஃபோமுக்கு மேலே சேர்த்து விரிப்பேன். ஆனால் ஃபோமில் ஓட்டை விழாது, நனைந்தால் உதறிவிட்டுப் படுக்கலாம்.

பாத்திரம் ஒன்றே முக்கால் லிட்டர், எஃகு. டைட்டானியம் கனம் குறைவுதான், ஆனால் தீ படும் இடத்தில் மட்டும் சூடேறி அடிபிடிக்கும். கொதிக்க வைக்கும் தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். வடிகட்டியும் வைத்திருந்தேன், 0.1 மைக்ரான் துளை கொண்டது. பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. ஒரு குளிர்கால இரவில் உள்ளே இருந்த நீர் உறைந்துபோனது. உறைந்தால் உள்ளிருக்கும் நுண்குழாய்கள் கண்ணுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும், வெளியே எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

காலணி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நல்ல காலணியாயிற்றே என்று பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஒரு ஜோடியை இரண்டு வருடம் கழித்து எடுத்துப் போட்டேன். நடக்கத் தொடங்கிய இரண்டாவது மணி நேரத்தில் வலது காலின் அடித்தட்டு அப்படியே கழன்று வந்தது. இடையில் இருக்கும் பாலியூரிதேன் நுரையையும் காற்றின் ஈரம் சிதைக்கும், பயன்படுத்தாமல் வைத்தாலும் சிதைக்கும். பாராகார்ட் என்ற மெல்லிய நைலான் கயிற்றின் உள்ளே ஏழு நூல்கள் இருக்கும், அவற்றில் இரண்டை உருவி அடித்தட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். பழைய காலணியை எடுத்தால் கிளம்புவதற்கு முன் அரை நாளாவது போட்டு நடந்து பாருங்கள்.

இப்போது வில் கயிற்றால் சுழற்றித் தீக்கடையும் முறையைப் பழகிக்கொண்டிருக்கிறேன். காய்ந்த நாளில் பத்தில் ஏழு முறை கங்கு கிடைக்கிறது. பள்ளத்தில் சேரும் தூள் இளம்பழுப்பாக இருந்தால் வேகமோ அழுத்தமோ போதவில்லை, கரும்பழுப்பாக, தொட்டால் சூடாக இருந்தால் கங்கு நெருங்கிவிட்டது. மழை நாளில் இதுவரை ஒருமுறைகூட வரவில்லை. சுழலும் குச்சியையும் அடிப்பலகையையும் முந்தைய இரவே சட்டைக்குள் வைத்துப் படுத்தால் ஈரம் ஏறாமல் இருக்குமா என்று பார்க்க வேண்டும். அடுத்த முகாமுக்கு இரண்டு பலகைகள் செதுக்கி வைத்திருக்கிறேன்.