மதுரையில் ஸ்லீவ் தேடிய கதை

மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்ததிலிருந்து எனக்கு இடது கையில் நிணநீர் தேங்கி வீங்கும். டொரன்டோவில் பகல் முழுக்க கம்ப்ரஷன் ஸ்லீவ், அதாவது மணிக்கட்டிலிருந்து மேற்கை வரை இறுக்கிப் பிடிக்கும் உறை, போட்டிருப்பேன். மயில் நீலத்தில் பூ அச்சிட்டது, புடவைக்கும் எடுப்பாக இருக்கும்.

மே மாத மதுரை வெயிலில் வீக்கம் கூடிவிட்டது. வியர்வையில் தினமும் அலச வேண்டியிருந்ததால் மாற்று ஸ்லீவ் ஒன்று தேவைப்பட்டது. டவுனில் சர்ஜிக்கல் கடைகளில் ஏறி இறங்கினேன். "ஸ்மாலா, மீடியமா அக்கா?" என்று கேட்டார்களே தவிர, டேப் எடுத்துக் கையை அளந்தவர் யாரும் இல்லை. மணிக்கட்டில் அழுத்தம் கூடுதலாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருந்தால்தான் தேங்கிய நீர் தோள் பக்கம் ஏறும். அளவு தப்பி மேலே இறுக்கினால் புறங்கை வீங்கிவிடும்.

கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில்தான் நல்ல கவனிப்பு கிடைத்தது. "காலையில வாங்கக்கா, அப்பத்தான் வீக்கம் கம்மியா இருக்கும்" என்றார் அங்கிருந்த பெண். மறுநாள் மணிக்கட்டு, முன்கை, முழங்கை, மேற்கை என்று பொறுமையாகச் சுற்றளவு எடுத்து, 20–30 மி.மீ. பாதரச அழுத்தத்தில் ஆர்டர் போட்டுக் கொடுத்தார். வந்தது கச்சிதமாக இருந்தது. நிறம்தான், நம் ஊரில் யார் தோலோடும் ஒட்டாத அந்த வெளிறிய பழுப்பு.

அங்கே காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு அம்மா முந்தானையால் வலது கையை மூடியபடி உட்கார்ந்திருந்தார். என் ஸ்லீவைத் தொட்டுப் பார்த்து, "பூப் போட்டெல்லாம் வருதாம்மா?" என்றார். அவரிடமும் ஸ்லீவ் இருக்கிறது. கல்யாணம் காட்சிக்குப் போட்டுப் போனால் தீக்காயமா, யானைக்கால் மாதிரி ஏதாவதா என்று ஆளாளுக்கு விசாரிக்கிறார்களாம். அதனால் பீரோவுக்குள் வைத்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. போடாமல் விட்டால் நாள்பட நாள்பட உள்ளே சதை கெட்டித்துப் போகும், அப்புறம் வீக்கத்தை வடிய வைப்பது பெரிய பாடு. பூவும் நிறமும் வெறும் அலங்காரம் என்று நினைக்கிற மருத்துவர்கள் அந்த முந்தானையைப் பார்க்க வேண்டும்.

பின்னலாடைக்குத் திருப்பூர் இருக்கிறது, சுங்குடிக்கு மதுரையே இருக்கிறது. சுங்குடிப் புள்ளி அச்சிட்டு, முறையான அழுத்த அளவோடு ஸ்லீவ் செய்ய யாராவது முன்வந்தால் எத்தனை பெண்கள் வாங்குவார்கள்!

கோடையில் ஊருக்கு வருகிறவர்கள் மாற்று ஸ்லீவோடு வாருங்கள். லேசான சோப்பில் அலசி, முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி ஒற்றி நிழலில் உலர்த்துங்கள். அந்த அம்மாவின் கையையும் அதே பிசியோ அளந்து தந்திருக்கிறார். டொரன்டோ போனதும் ஒன்று வாங்கி அனுப்பப் போகிறேன், அரக்கு நிறத்தில் கேட்டிருக்கிறார்.