காசாபிளாங்கா அலுவலகமா, ஃபெஸ் கடைவீதியா?

மொராக்கோவில் வியாபாரம் பேசப் போகிறவர்கள், எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. காசாபிளாங்காவின் வங்கிகளிலும் ஏற்றுமதி அலுவலகங்களிலும் பேச்சு பெரும்பாலும் பிரெஞ்சில்தான். ஆவணங்களும் அப்படியே. கோட் சூட், கைகுலுக்கல், குடும்ப நலம் பற்றி இரண்டு வார்த்தை, அப்புறம் விஷயத்துக்கு வந்துவிடலாம். எதிரில் இருப்பவர் பெண் என்றால் அவர் கை நீட்டும்வரை பொறுங்கள்.

ஃபெஸ் பழைய நகரத்தில் தோல் பொருளோ பித்தளைத் தட்டோ மொத்தமாக வாங்கப் போனால் கதையே வேறு. முதலில் உட்காரச் சொல்வார்கள். பச்சைத் தேயிலை, புதினா, நிறையச் சர்க்கரை சேர்த்த தேநீர் வரும். கெண்டியை உயரத் தூக்கி, நுரை கட்டும்படி சின்னக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றுவார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். வலது கையால் வாங்கி நிதானமாகக் குடியுங்கள். பேரம் அதற்குப் பிறகுதான். அதிலும் நான்கு பேர் முன்னால் கடைக்காரர் சரக்கை மட்டம்தட்டாதீர்கள். நீங்கள் கேட்ட விலைக்கு அவர் ஒத்துக்கொண்ட பிறகு பின்வாங்குவது பெரிய அவமரியாதை.

என்னைக் கேட்டால், காசாபிளாங்காவிலும் ஃபெஸ்ஸின் பொறுமையோடு போவதே நல்லது. ஆளைப் பிடித்துப்போனால்தான் அங்கேயும் கையெழுத்து விழும்.

வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் இரண்டு இடத்திலும் சந்திப்பு கேட்காதீர்கள். தொழுகை, பிறகு வீட்டில் எல்லோரும் சேர்ந்து கூஸ்கூஸ் (ஆவியில் வேகவைத்த கோதுமை ரவை) சாப்பாடு. ரமலானில் வேலை நேரமும் குறையும்.