சிக்காத காகிதமும் தீராத டோனரும்: ஓர் அலுவலக அச்சுப்பொறியோடு ஆறு ஆண்டுகள்

சென்ற வாரம் எங்கள் அலுவலக அச்சுப்பொறியின் இரண்டாம் டிரேயில் காகிதத்தை எடுத்துத் தள்ளும் ரோலர்கள் மாற்றப்பட்டன. கட்டைவிரல் பருமனுள்ள மூன்று ரப்பர் உருளைகள்தாம். வேலை முடியப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடம் வாய்ப்பதற்குள் ஐந்து வாரம் நான் அந்த இயந்திரத்தின் முன் மண்டியிட்டுக் கிடந்தேன் என்பதை, வேறோர் அலுவலகத்தில் இதே பொறுப்பைச் சுமக்கும் நண்பரிடம் சொல்லப்போக, "எங்கள் இடத்திலும் இதே மாதிரி இயந்திரம், தொலைவிலிருந்தே கண்காணிக்கும் இதே மாதிரி ஒப்பந்தம் என்று பேச்சு நடக்கிறது, எடுக்கலாமா?" என்று கேட்டார். அப்போது நான் சொன்ன பதிலை எழுத்தில் வைக்க முடியாது. அதனால்தான் நிதானமாக இதை எழுத உட்கார்ந்தேன்.

வேகம், நகலெடுக்கும் தரம், ஸ்கேன் வசதி ஆகியவற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விளம்பரத் தாளில் உள்ளபடியே இருக்கின்றன. நான் பேச விரும்புவது, இந்த இயந்திரம் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் என்று சொல்லி நமக்குத் தரப்படும் ஏற்பாடுகளைப் பற்றி. டோனர் என்னும் மைத்தூள் எவ்வளவு மிச்சம், அந்தத் தூளை எழுத்து வடிவில் ஏற்றுத் தாளுக்கு மாற்றும் டிரம் என்னும் உருளை இன்னும் எத்தனை நாள் வரும், எந்த இடத்தில் காகிதம் சிக்கியிருக்கிறது என்பதையெல்லாம் அது திரையில் காட்டும். மாத முடிவில் பக்க எண்ணிக்கையைத் தானே பராமரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது, பல நேரங்களில் நன்றாகவே நடக்கவும் செய்கிறது. என் மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான்: இந்த இயந்திரம் தனக்குத் தெரிந்ததையும் தான் ஊகிப்பதையும் ஒரே குரலில் சொல்கிறது.

ஐந்து வாரம் நடந்ததைச் சொல்கிறேன். "இரண்டாம் டிரேயில் காகிதம் சிக்கியுள்ளது" என்று திரையில் வரும். வலப்பக்கக் கதவு எப்படித் திறக்க வேண்டும், பச்சை நிறக் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று படம் ஓடும். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு தாளும் இருக்காது. கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தாலும், டிரேயை முழுவதுமாக உருவித் தரையில் வைத்துப் பார்த்தாலும் காகிதம் எங்கும் சிக்கியிருக்காது; அடுக்கின் மேல்தாள் மட்டும் அரை விரல் முன்னால் நகர்ந்து, மூலையில் லேசாக மடங்கி, வைத்த இடத்திலேயே படுத்திருக்கும். கதவை மூடினால் ஓடும். இருபது பக்கம் கழித்து மறுபடியும் அதே செய்தி, அதே படம், அதே பச்சைக் கைப்பிடி.

இதன் காரணம் புரிந்தபோது கோபம் குறையவில்லை, வேறு வடிவம் எடுத்தது. காகிதம் போகும் பாதையில் ஆங்காங்கே சிறு பிளாஸ்டிக் நெம்புகோல்கள் தொங்குகின்றன. தாளின் முன்விளிம்பு அதைத் தள்ளும்போது, நெம்புகோலின் மறுமுனை ஓர் ஒளிக்கற்றையை மறைக்கும் அல்லது திறந்துவிடும். ரோலர் சுழலத் தொடங்கியதிலிருந்து இவ்வளவு நேரத்துக்குள் முதல் நெம்புகோல் அசைய வேண்டும் என்பது கணக்கு. அசையாவிட்டால் காகிதம் சிக்கிவிட்டது என்று இயந்திரம் முடிவுகட்டுகிறது. அதாவது அதற்குத் தெரிந்தது "தாள் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை" என்பது மட்டுமே. தாள் வழியில் மாட்டிக்கொண்டதா, கிளம்பவே இல்லையா என்பதைச் சொல்ல அந்த இடத்தில் அதற்குக் கண் இல்லை. ரப்பர் தேய்ந்து காகிதத் தூசு படிந்து வழுவழுப்பாகிவிட்ட ரோலர், தாளின் மேல் சுழன்றுகொண்டே இருக்கும், தாள் நகராது. பஞ்சு உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைத்தால் இரண்டு மூன்று நாள் பிடிப்பு வரும். பிறகு பழைய கதைதான். "காகிதம் வந்து சேரவில்லை, ரோலரைப் பாருங்கள்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. தொலைவில் உட்கார்ந்து கண்காணித்த நிறுவனமோ, திரையில் வந்த அதே செய்தியைப் பார்த்துவிட்டு, ஈரம் ஏறாத காகிதத்தைப் பயன்படுத்துமாறு எனக்கு மூன்று முறை அறிவுரை அனுப்பியது.

இனி நியாயமாகப் பேச வேண்டிய பகுதி. அலுவலக அச்சு இயந்திரங்களின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால், இன்றைய நிலைமையைக் குறை சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 1938 அக்டோபர் 22 அன்று செஸ்டர் கார்ல்சன் முதல் உலர்நகலை எடுத்த பிறகு, சாதாரண அலுவலகத்தில் பொத்தானை அழுத்தி நகலெடுக்கும்படியான ஜெராக்ஸ் 914 இயந்திரம் 1959இல்தான் அறிமுகமானது. அதில் காகிதம் சூடேறித் தீப்பற்றும் அபாயம் இருந்ததால் ஒரு சிறிய தீயணைப்புக் கருவியையும் கூடவே கொடுத்து, அதற்குத் 'தீய்ச்சல் நீக்கி' என்ற பொருளில் பெயரும் சூட்டியிருந்தார்கள். எங்கள் இயந்திரத்தில் டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் பியூசர், ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும் பாகம், இந்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட என்னைப் பயமுறுத்தியதில்லை. பக்கக் கணக்கு முடிந்ததும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கழற்றச் சொல்கிறது. அந்த ஒரு பாகத்தின் விஷயத்தில் மட்டும் அதன் ஊகத்துக்கு நான் தலை வணங்குகிறேன்.

பராமரிப்பை எளிதாக்கிய மிகப் பெரிய கண்டுபிடிப்பு எதுவென்று என்னைக் கேட்டால், எந்த மென்பொருளையும் சொல்ல மாட்டேன். டிரம், டோனர், துடைக்கும் தகடு ஆகிய எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து, தீர்ந்ததும் மொத்தமாக எடுத்து மாற்றிவிடலாம் என்ற யோசனைதான் அது. 1982இல் கேனான் நிறுவனம் தன் சிறிய நகல் இயந்திரங்களில் இதைக் கொண்டுவந்தது. 1984இல் வந்த எச்.பி. லேசர்ஜெட் அந்த வழியிலேயே நடந்தது. மெக்கானிக் வந்து கையைக் கறுப்பாக்கிக்கொண்டு செய்த வேலையை, முதல் நாள் வேலைக்கு வந்த இளைஞர்கூட அரை நிமிடத்தில் செய்ய முடிந்தது. எங்களுடையது பெரிய இயந்திரம் என்பதால் டிரம் தனி, டோனர் தனி. ஆனாலும் அந்த யோசனையின் பயனைத்தான் நாங்கள் அனுபவிக்கிறோம்.

டோனர் கணக்குக்கு வருவோம். திரையில் 37 சதவீதம் என்று துல்லியமாகக் காட்டும்போது, யாரோ உள்ளே எட்டிப் பார்த்து அளந்து சொன்னது போலத் தோன்றும். உண்மையில் பல இயந்திரங்களில் அந்த எண் பெரும்பாலும் கணக்கிலிருந்து வருவது: அச்சிட்ட புள்ளிகள் எத்தனை, உருளைகள் எவ்வளவு சுழன்றன என்று கூட்டிக் கழித்து வரும் மதிப்பீடு. எங்களுடையது அந்த ரகம் என்பதை ஒரு தாமதம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஒருமுறை பூஜ்யம் காட்டிய அன்று புதிய டோனர் வந்து சேரவில்லை. பழையதைக் கழற்றி, இடமும் வலமுமாக நாலு முறை குலுக்கி, மறுபடி பொருத்தினேன். அடுத்த ஒன்பது நாள் கன்னங்கரேலென்று அச்சு வந்தது. அதற்கு முன்பு எத்தனை டோனர்களைப் பாதியுயிரோடு அனுப்பிவைத்தேனோ என்று நினைத்தபோது வயிறு எரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு இந்த இயந்திரங்களுக்கு 1995லிருந்தே ஒரு மொழி இருக்கிறது. அச்சுப்பொறிகள் தங்கள் நிலையை வலைப்பின்னல் வழியாக எப்படி அறிவிக்க வேண்டும் என்று அந்த ஆண்டு வெளியான ஆர்.எஃப்.சி. 1759 ஆவணம் (இணையத் தொழில்நுட்ப விதிகளைச் சொல்லும் எண்ணிட்ட ஆவண வரிசையில் ஒன்று) வகுத்தது; 2004இல் அது ஆர்.எஃப்.சி. 3805 ஆகத் திருத்தி எழுதப்பட்டது. அதில் மீதியளவு என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாக 'கழித்தல் 2' என்று சொன்னால் "தெரியாது" என்று பொருள். 'கழித்தல் 3' என்றால் "கொஞ்சம் இருக்கிறது, எவ்வளவு என்று தெரியாது" என்று பொருள். எங்கள் இயந்திரத்தில் இந்த நேர்மையைக் கடைப்பிடிக்கும் ஒரே பாகம் கழிவு டோனர்ப் பெட்டி. நிரம்பப்போகிறதா என்பதை மட்டும் பார்க்கும் உணரி அதில் இருப்பதால், நிரம்பும் வரை 'கழித்தல் 3', அதாவது இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது, என்றே அது சொல்லிக்கொண்டிருக்கிறது. கண்காணிப்பு மென்பொருள் அதை ஒரு பிழையைப் போல வெறும் கோடாகக் காட்டுகிறது. உள்ளதைச் சொல்பவனுக்குக் கிடைத்த மரியாதை அது.

என் ஊகம் தோற்ற இடத்தையும் மறைக்கக் கூடாது. டிரம், விளம்பரத் தாளில் சொன்ன பக்கங்களுக்கு வெகு முன்பே ஆயுள் முடிந்ததாக அறிவித்தபோது, இதுவும் வியாபாரத் தந்திரம் என்று சத்தம் போட்டேன். ஆனால் டிரம் தேய்வது பக்கத்தால் அல்ல, சுழற்சியால். ஒவ்வொரு வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் அச்சில்லாமலே அது சில சுற்றுகள் சுற்றியாக வேண்டும். நூறு பக்கத்தை ஒரே மூச்சில் அச்சிடுவதும், நூறு பேர் ஆளுக்கொரு பக்கம் அச்சிடுவதும் டிரம்முக்கு ஒன்றல்ல. எங்கள் அலுவலகம் இரண்டாம் ரகம். இயந்திரம் சுற்றுகளை எண்ணியிருந்தது. நான் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த ஆறு ஆண்டுகளில் என்னை உண்மையாகவே மகிழவைத்தது ஒரு ஸ்கேல். ஒருநாள் எல்லாப் பக்கங்களிலும் கடுகளவு கறுப்புப் புள்ளிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே இடைவெளியில் வரத் தொடங்கின. திரையில் எல்லாம் பச்சை. இயந்திரத்தைப் பொறுத்தவரை அதற்கு ஒரு குறையும் இல்லை. தொலைபேசியில் பேசிய சர்வீஸ் இன்ஜினியர், "ஸ்கேல் இருக்கிறதா சார்? ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள்" என்றார். அளந்து 94 என்றேன். "டிரம்தான். எடுத்துக்கொண்டு வருகிறேன்" என்று வைத்துவிட்டார். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் காகிதத்தில் கடக்கும் தூரம் 94 மில்லிமீட்டர். டிரம்மில் ஒரு கீறல் விழுந்தால் அந்தத் தூரத்துக்கு ஒருமுறை அது தாளில் வந்து நிற்கும். உள்ளே சுழலும் ஒவ்வோர் உருளைக்கும் விட்டம் வேறு என்பதால் இடைவெளியும் வேறு. சர்வீஸ் கையேடுகளில் இதற்கென்றே ஓர் அளவுப் பட்டியல் இருக்கிறது. மின்சாரமே வேண்டாத இந்த உபாயம், அன்று முழுக் கண்காணிப்பு அமைப்பையும் தோற்கடித்தது.

அடையாள அட்டையைக் காட்டினால்தான் தாள் வெளியே வரும் என்ற ஏற்பாடு நன்றாக இருக்கிறது. கேட்பாரற்றுக் கிடக்கும் தாள்கள் நின்றுவிட்டன. ஆனால் பழுது பற்றிய எச்சரிக்கை எனக்கு மட்டுமே வருகிறது, தாளுக்காகக் காத்திருப்பவருக்குப் போவதில்லை. எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் நிரலாளர் ரிச்சர்டு ஸ்டால்மன் பழைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி, அச்சுக்காகக் காத்திருப்பவர்களின் திரைக்கே தகவல் போகும்படி செய்திருந்தார். 1980ஐ ஒட்டி அங்கே வந்த ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறிக்கு மூலநிரல் கிடைக்காததால் அதையே மறுபடி செய்ய முடியாமல் போனதும், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்ற எண்ணம் அவருக்குள் வலுப்பட்டதற்கு அது ஒரு காரணமானதும் பலர் அறிந்த கதை. அந்த ஆய்வகத்தில் இருந்த வசதி இன்றும் என் இயந்திரத்தில் இல்லை.

நண்பரே, எடுக்கலாமா என்றால், வேண்டாம். பக்க எண்ணிக்கையைத் தானே அனுப்புகிறது, பியூசரைக் காலத்தில் மாற்றுகிறது, டிரம் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். அத்தனையும் உண்மை, இருந்தும் வேண்டாம். என் முழங்கால் வலி இன்னும் போகவில்லை. எங்கள் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. நீட்டிக்கலாமா என்று நிர்வாகம் கேட்டதற்கு, நீட்டிக்கலாம் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு டிரேக்கும் ஒரு செட் ரோலர்களை முன்கூட்டியே என் கையில் கொடுத்துவிட வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனையோடு. நிறுவனத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை.